ஆறுமுகத்தின் புட்டி

போன வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள்: நம் ஆய்வுக்கூட அலமாரியின் அடித்தட்டில் ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்று இருக்கிறது, உள்ளே வெறும் தண்ணீர்தான் தெரிகிறது, ஒட்டிய சீட்டு அழிந்து தமிழில் ‘ஆ’ என்ற ஓர் எழுத்து மட்டும் மிச்சம், தூக்கிப் போட்டுவிடலாமா என்று. நான் “போடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் காரணம் சொல்லாமல் போடாதே என்றால் அந்தப் பேச்சு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். நானும் உங்கள் வயதில், பழைய ஆட்கள் வைத்துவிட்டுப் போன சாமான்களை எல்லாம் மூட்டை கட்டி வெளியே தள்ளியவள்தான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தமிழில் எழுதுகிறேன். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அவர்கள் மற்றவர்களுக்குப் பர்மியில் சொல்லிவிடட்டும். வேலை பார்த்த காலம் முழுக்கப் பர்மியிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதித் தள்ளியாகிவிட்டது. இது அறிக்கை இல்லை. வருத்தமான ஒன்றைச் சொல்ல எனக்கு வீட்டு மொழிதான் வருகிறது.

முதலில், அது வெறும் தண்ணீர் இல்லை. உள்ளே சூடோமோனாஸ் கிருமி உயிரோடு இருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

அந்தக் கிருமியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. கைகழுவும் தொட்டி, தரை துடைக்கும் துணி, சளி உறிஞ்சும் குழாய் எதையும் விடாது. நடமாடுகிற ஆளை அது ஒன்றும் செய்யாது. படுத்துவிட்டவரைத்தான் தேடிப் போகும், அதுவும் நுரையீரல் ஏற்கெனவே களைத்துப்போனவரை. ஆஸ்பத்திரியிலேயே பிறந்து வளர்ந்தது என்பதால் நம் மருந்துகளை எல்லாம் பார்த்துப் பழகிவிட்டது.

நான் சேர்ந்த காலத்தில் ரங்கூனில் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். குளிர்பெட்டியில் வைத்த கிருமிகள் எல்லாம் ஒரு வெயில் காலம் தாண்டாது. எங்கள் தலைமை மருத்துவர், நாங்கள் சயாஜி என்று கூப்பிடுவோம், அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சூடோமோனாஸை மட்டும் கொதிகலனில் கிருமி நீக்கிய வெறும் தண்ணீரில் கலந்து, மூடி போட்டு, அலமாரியில் வைத்துவிடுவார். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வேண்டும்போது ஒரு சொட்டு எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் இழுத்தால் மறுநாள் முளைத்து நிற்கும். “இதுக்குச் சோறு வேணாம், கரண்டு வேணாம், சம்பள உயர்வும் வேணாம். நம்ம எல்லாரையும் விட நல்ல அரசு ஊழியர் இதுதான்” என்பார். ஆஸ்பத்திரிக் கிருமிகள் மருந்துக்கு எப்படி அடங்காமல் போகின்றன என்பதைத்தான் நாங்கள் அந்த அறையில் ஆராய்ந்துகொண்டிருந்தோம். எங்கள் ஆராய்ச்சி முழுவதும் அந்தத் தண்ணீர்ப் புட்டிகளில்தான் இருந்தது.

ஆறுமுகம் அலோன் படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். வீடு ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், நிமோனியாவோடு வந்து சேர்ந்தார். வர மாட்டேன் என்று அடம்பிடித்தவரை அவர் மனைவி பாக்கியம்தான் படகில் ஏற்றிக் கொண்டுவந்தாள். பாக்கியம் காலையில் தலையில் தட்டு வைத்து அவித்த பட்டாணி விற்பவள். நாம் பெப்யோ என்போமே, அதுதான். என்னைவிடச் சில வயது சின்னவள். பிள்ளைகள் இல்லை.

நோயாளியின் சளியை வீட்டு மனிதர்களே நம் ஜன்னலுக்குக் கொண்டுவந்து கொடுப்பது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். பாக்கியம் அந்த டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, கோயில் பிரசாதத்தைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவாள். நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்த பிறகு ஜன்னலில் நின்று, டாக்டரம்மாவைக் கூப்பிடுவதுபோல ‘சயாமா’ என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசாமல் போனதில்லை.

முதல் டப்பாவில் சாதாரணக் கிருமிதான் வந்தது. மருந்துக்கு அடங்குகிற வகை. ஆக்சிஜனும் வைத்தார்கள், ஆறுமுகம் தேறினார். எழுந்து உட்கார்ந்து பெப்யோ கேட்டாராம். பாக்கியம் அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பிறகு மறுபடியும் காய்ச்சல் வந்தது, மூச்சு இரைத்தது, திரும்பவும் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டாவது டப்பா வந்தது.

அந்தத் தட்டை நான் மறக்கவில்லை. சூடோமோனாஸ் என்றால் பச்சையாகத்தானே பார்த்திருப்பீர்கள். இது முதல் நாள் நிறமில்லாமல் இருந்தது. பிறகு மெதுவாகச் சிவந்து, பழுப்பேறி, தட்டு முழுக்கப் பால் ஊற்றாத தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்படி ஒன்றை அதுவரை நான் கண்டதில்லை. எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கத் தட்டில் வைக்கும் மருந்து வில்லைகளில் எங்களிடம் இருந்த எதற்கும் அது அசையவில்லை. வில்லையைச் சுற்றி ஒட்டி வளர்ந்தது. முடிவை எழுதி வார்டுக்கு அனுப்பினேன். வெளிக்கடையில் கிடைத்த மருந்தைப் பாக்கியம் வாங்கி வந்தாள், அதைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் இந்தக் கிருமிக்கு ஆகாத மருந்துதான். வேறு எதுவும் ஊரில் இல்லை. ஆறுமுகம் போய்விட்டார்.

நிறம் விசேஷமாக இருந்ததால் சயாஜி அந்தக் கிருமியைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னார். நான் சீட்டில் தேதியும் எண்ணும் எழுதிவிட்டு, ஓரத்தில் ‘ஆறுமுகம்’ என்று தமிழில் எழுதினேன். பெயர் எழுதக்கூடாது என்பதுதான் விதி. தமிழில் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இறந்தவர் பேரில் குளிர்ந்த தண்ணீர்ப் பானை வைப்பது இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. நம் ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காரியம் முடிந்த கையோடு பாக்கியம் அவர் கிடந்த வார்டின் தாழ்வாரத்தில் ஒரு மண்பானை கொண்டுவந்து வைத்தாள். மூடிமேல் ஒரு குவளை. தண்ணீரை வீட்டிலேயே கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, டாலா படகில் சுமந்துகொண்டு வருவாள். வெயிலில் வந்த நோயாளியின் சொந்தக்காரர்கள் அதைக் குடித்துவிட்டு அவள் கணவனுக்குப் புண்ணியம் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் குடித்திருக்கிறேன். நல்ல தண்ணீர்.

ஒரு நாள் ஜன்னலுக்கு வந்து, “உசுரோட இருந்தப்ப ஒரு எடத்துல நிக்க மாட்டாரு, சயாமா. இப்ப இங்கதான் நிக்கிறாரு. வர்றவங்களுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு” என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சில மாதங்களில் அதே வார்டிலிருந்து தேநீர் நிறத் தட்டுகள் வரத் தொடங்கின. ஆக்சிஜனில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சல் கண்டார்கள். சிலர் பிழைத்தார்கள். சிலர் பிழைக்கவில்லை. சயாஜி என்னை அனுப்பினார். கட்டில், தொட்டி, குழாய், துடைப்பத் துணி, சிஸ்டரின் கை எல்லாவற்றிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தேன். தாழ்வாரத்துப் பானையையும் விடவில்லை. ஆக்சிஜன் வரும் வழியில் மாட்டியிருக்கும் தண்ணீர்ப் பாட்டில்களை மட்டும் அன்று எடுக்க முடியவில்லை. நோயாளிகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாற்றுப் பாட்டில் வந்த பிறகு எடுக்கலாம் என்று விட்டிருந்தோம்.

பானையில் எடுத்ததுதான் தட்டில் முதலில் முளைத்தது. பழுப்பு.

சயாஜி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பானை கால் முளைச்சுக் கட்டிலுக்குப் போகாது. யாரு தூக்கிட்டுப் போனாங்கன்னு பாரு” என்றார். பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் விஷயம் நிர்வாக அதிகாரியின் காதுக்குப் போய்விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

“பானையில இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு சார். ஆனா பாட்டில் இன்னும்...”

“பாட்டில் அப்புறம். இருந்துச்சுல்ல? போதும்.”

இளையவர்களே, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். முடிவு என்பது நம் மேசையில் இருக்கும்வரைதான் நம்முடையது. பாதி முடிவு வெளியே போனால் மீதிக்காக அது காத்திருக்காது. அதுவும் எல்லோருக்கும் வசதியான பாதியாக இருந்துவிட்டால் நாம் பின்னால் ஓடினாலும் பிடிக்க முடியாது.

அன்று பகல் பாக்கியம் தண்ணீரோடு வந்தபோது பானை தோட்டத்தில் உடைந்து கிடந்தது. தாழ்வாரத்தில் கூட்டம். மகனைப் பறிகொடுத்த ஒருவர் அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, “உன் தண்ணிதான் கொன்னுச்சு” என்று பர்மியில் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வலி அவருக்கு. வார்டு சிஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாக்கியம் என்னைத் தேடினாள் என்று பிற்பாடு சொன்னார்கள். நான் அப்போது நம் அறையில், பாட்டில்களிலிருந்து எடுத்த தண்ணீரைத் தட்டில் இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் கொண்டுவந்த தண்ணீரை வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டுப் படகுக்குப் போனாளாம்.

பாட்டில்கள் எல்லாமே பழுப்பாக முளைத்தன. சிஸ்டரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். நல்ல பெண்மணி, பயந்திருந்தார். மெதுவாகச் சொன்னார். ஆக்சிஜன் தொண்டையை உலர்த்தாமல் இருக்க அந்தப் பாட்டில் தண்ணீர் வழியாகத்தானே வருகிறது? கரண்டு இல்லாத நாளில் கொதிகலன் ஓடாது, கிருமி நீக்கிய தண்ணீர் வராது. அதனால் கிடைத்த தண்ணீரை ஊற்றுவார்கள். முன்பு தொட்டித் தண்ணீர், பானை வந்த பிறகு பானைத் தண்ணீர். காய்ச்சி வடிகட்டியது, அதுவும் தானத் தண்ணீர், அதைவிடச் சுத்தமானது எது என்ற நம்பிக்கை. குறையக் குறைய மேலே ஊற்றுவார்கள். பாதி இருக்கும் தண்ணீரைக் கீழே கொட்டுவது யாருக்கும் மனசு வராத காரியம். ஆகவே அந்தப் பாட்டில்கள் ஒருபோதும் காலியாகவில்லை, ஒருபோதும் உலரவில்லை. ஒரே குவளைதான். பாட்டில் வாயில் இடித்துக்கொண்டு ஊற்றிய குவளை அப்படியே பானைக்குள் திரும்பிப் போகும்.

“ஆனா சயாமா, பானைத் தண்ணிய நாங்கதானே பாட்டில்ல ஊத்தினோம்? அப்ப பானையில இருந்ததுதானே பாட்டிலுக்குப் போயிருக்கும்?” என்று சிஸ்டர் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். பானையிலும் இருக்கிறது, பாட்டிலிலும் இருக்கிறது. எது எதற்குக் கொடுத்தது என்று தட்டு சொல்லாது. அறைக்குத் திரும்பி அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழில் எழுதிய சீட்டு அந்த வரிசையில் ஒன்றுதான்.

மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து இழுத்தேன். பழுப்பேறும்வரை தினமும் அந்தத் தட்டை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அதே தேநீர் நிறம், மருந்து வில்லைகளிடம் அதே திமிர். ஆறுமுகம் அந்தப் பானையில் ஒரு வாய் குடித்தவர் இல்லை. அவர் செத்ததால் வந்த பானை அது. அது வருவதற்கு முன்பே, மூச்சு இருக்கும்போதே, அவர் நெஞ்சிலிருந்து இந்தக் கிருமி வந்திருக்கிறது. பாக்கியம் தண்ணீரோடு வார்டுக்குள் வருமுன்பே அது அங்கே குடியிருந்திருக்கிறது. வார்டுதான் பானைக்குக் கொடுத்தது.

இதை சயாஜியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், தட்டை மறுபடி பார்த்தார். இருவரும் அதிகாரியிடம் போனோம். பாட்டில்களைத் தினமும் கொட்டி, கழுவி, கொதிக்கவைத்து, உலர்த்தி, கிருமி நீக்கிய தண்ணீர் இருந்தால் மட்டும் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் உலர்ந்தபடியே ஓடட்டும் என்றோம். அதற்கு உடனே கையெழுத்துப் போட்டார். பானையைப் பற்றி ஊருக்குச் சொன்னதைத் திருத்தி ஒரு வரி வேண்டும் என்றோம். “பானை விஷயம்தான் முடிஞ்சு போச்சே. கிளறினா எந்த வார்டு, எந்த சிஸ்டர்னு கேப்பாங்க” என்றார். அறிக்கையில் ‘தண்ணீர் வழியாகப் பரவியது’ என்று நின்றது. யாருடைய தண்ணீர் என்று இல்லை. சிஸ்டரின் வேலை போய்விடக்கூடாது என்பது சயாஜியின் கவலை. எனக்கும் அந்தக் கவலை இருந்தது. அதைத் தாண்டி எங்களால் போக முடியவில்லை.

பாட்டில்கள் உலர்ந்தன. பழுப்புத் தட்டுகள் நின்றன. ஒரு கூட்டத்தில் ஆய்வுக் கட்டுரை வாசித்தோம். தட்டின் படத்தைத் திரையில் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆறுமுகம் அதில் ‘முதல் மாதிரி’. நம் தொழிலில் ஒரு வேலை நன்றாக முடிந்தது என்றால் இதுதான். கைதட்டலும் கிடைத்தது.

அந்த வாரம்தான் சிஸ்டர் நம் ஜன்னலுக்கு வந்தார். அவரும் டாலாக்காரர். “அந்த அம்மா இப்ப பெப்யோ விக்கிறதில்ல. அவங்க கையால எதையும் யாரும் வாங்கறதில்லன்னு சொல்றாங்க. யாராச்சும் கேட்டாலும் அவங்க குடுக்கறதில்ல” என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

சயாஜியிடம் டாலாவுக்குப் போய்வரக் கேட்டேன். அவர் உடனே தலையசைக்கவில்லை. “ரெண்டு விஷயத்தைத் தூக்கிட்டுப் போற. ஒண்ணு அவ மனசை ஆத்தும். இன்னொண்ணு ஆத்தாது. ஒண்ணை மட்டும் குடுத்துட்டு வர முடியாது, தெரியுதா?” என்றார். தெரிந்தது. பானை கொல்லவில்லை என்று சொன்னால், பிறகு எது கொன்றது என்று சொல்ல வேண்டும். ஆறுமுகத்துக்கு அது எங்கே ஒட்டியது என்றும் சொல்ல வேண்டும். இதுவரை அவளுக்குத் தெரிந்தது, கணவன் நெஞ்சுச் சளியில் போனான் என்பது.

படகில் அக்கரை போய், சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். பெப்யோ தட்டு சுவரில் சாய்ந்து கிடந்தது. பாக்கியம் பாய் விரித்தாள்.

“டீக்கடையில ஏதாச்சும் சொல்லட்டுமா சயாமா? நம்ம வீட்டுல ஒண்ணும் வேணாம்.”

ஒரு தமிழ் வீட்டில் வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“உன் பானையில கெடுதல் இல்ல பாக்கியம். அது வார்டுலேருந்து பானைக்கு வந்துச்சு. நீ கொண்டு வரல.”

“எல்லாரும் சொன்னாங்களே.”

“சொன்னாங்க. தப்பு.”

“நீங்க என்னைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க.”

“இல்ல. சாட்சி இருக்கு. நீ பானை வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கிருமி அங்க இருந்துச்சு. ஒருத்தர் சளியில வந்துச்சு. அதை எடுத்து வச்சிருக்கேன்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். மெதுவாகப் புரிந்துகொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை.

“அந்த டப்பாவ நான்தானே கொண்டாந்து குடுத்தேன்?”

“ஆமா. நீ கொண்டு வந்ததுதான்.”

“மொத டப்பாவா?”

“ரெண்டாவது.”

“மொத டப்பாவுல அது இல்லையா?”

“இல்ல.”

வெளியே சைக்காக்காரர் மணியடித்துவிட்டுப் போனார்.

“வரமாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் இழுத்துட்டுப் போனேன். வீட்டுல இருந்திருந்தா பொழச்சிருப்பாரா சயாமா?”

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. வந்த காய்ச்சல் கடுமையானது, கொண்டுவராமல் இருந்தால் அப்போதே போயிருப்பார், நீ செய்தது சரி என்று அடுக்கியிருக்கலாம். அதில் பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். எந்தப் பாதி என்றுதான் எனக்குத் தெரியாது.

“தெரியல பாக்கியம். நிஜமா தெரியல.”

அவள் தலையை ஆட்டினாள். “தெரியலன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான். மத்த எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, “அது இன்னும் உசுரோட இருக்கா?” என்றாள்.

“இருக்கு. வெறும் தண்ணியில.”

“அதத் தூக்கிப் போட்டுறாதீங்க. திரும்ப யாராச்சும் சொன்னா காட்டணும்.”

போட மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். பானையில் மொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, கையை உடனே எடுத்துக்கொண்டாள். குடித்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இத்தோடு நிறுத்தினால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். பாக்கியம் மறுபடி பெப்யோ விற்றாள். சிஸ்டரே முதல் ஆளாக நின்று வாங்கினார், பார்க்கிறவர்களிடம் எல்லாம் நடந்ததையும் சொன்னார். அதிகாரி எழுதாத வரியை அந்தப் பெண்மணி டாலா முழுக்கத் தன் வாயால் எழுதினார். பானை மட்டும் பாக்கியம் பிறகு எங்கும் வைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, நான் ஓய்வு பெறப்போகும் சமயம், அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்று ஆள் அனுப்பினாள். போனேன். காய்ச்சல் கொதித்தது, மூச்சு குத்தியது. காதை வைத்தாலே தெரிந்தது. மருந்துக்கு அடங்குகிற வகையாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. படகு பிடிக்கலாம், கிளம்பு என்றேன்.

“வேணாம் சயாமா.”

“இப்ப எல்லாம் மாறிடுச்சு பாக்கியம். பாட்டில தினமும் கொட்டிக் கழுவுறாங்க. நானே பாத்திருக்கேன்.”

“அங்க இப்ப அது இல்லன்னு உறுதியாச் சொல்வீங்களா?”

நான் அந்தக் கட்டடத்தில் என் வயதில் பாதியைக் கழித்தவள். அந்தத் தொட்டிகள், குழாய்கள், துணிகள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தவள். ஒரு ‘ஆமாம்’ போதும், அவள் வந்திருப்பாள். என் பேச்சை அவள் நம்புவாள். நான் ஒருத்திதான் அவளிடம் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவள்.

“உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா வரலன்னா இது உன்னைக் கொண்டுபோயிடும்” என்றேன்.

“ரெண்டுல ஒண்ணு என் வீட்டுலயே ஆகட்டும்” என்றாள்.

மருந்து வாங்கிக் கொடுத்தேன், ஊசி போட ஆள் ஏற்பாடு செய்தேன், தினமும் படகில் போய் வந்தேன். போதவில்லை. கடைசி நாளில் நெருங்கிய சொந்தம் யாரும் இல்லாததால் அவள் வாயில் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். கொஞ்சம்தான் இறங்கியது.

அன்று டாலாவுக்கு முதல் தடவை போகாமல் இருந்திருந்தால், அவள் பழியோடு வாழ்ந்திருப்பாள். ஆனால் ஆஸ்பத்திரியை நம்பி வந்து பிழைத்திருப்பாளோ என்னவோ. இதை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். சொன்னது சரியா என்று கேட்டால், பாக்கியத்துக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். தெரியவில்லை. நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

இனி அவள்மேல் பழி சொல்ல யாரும் இல்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் புட்டியைப் போடாதீர்கள். என்றைக்காவது ஒருவர் உங்கள் ஜன்னலில் நின்று, ‘அங்கே இப்போது அது இல்லையே?’ என்று கேட்பார். பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை அந்த அடித்தட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை சீட்டைப் புதிதாக எழுதி ஒட்டுங்கள். முழுப் பெயர் ஆறுமுகம். தண்ணீர் குறைந்திருந்தால் கிருமி நீக்கியதை எடுத்துப் பழைய தண்ணீரின் மேலேயே ஊற்றுங்கள். வேறு எந்தப் பாட்டிலுக்கும் அப்படிச் செய்யக்கூடாது. அந்த ஒன்றுக்கு மட்டும்.